ஷேர்கானும் மோக்லியும் பங்காளிங்க

93, 94 வாக்குல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கெழம காலைல ஜங்கிள் புக்னு ஒரு கார்ட்டூன் போடுவாங்க, ஞாபகம் இருக்கா? டிஸ்னி படம் இல்ல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்தப் பேச்ச யார்கிட்ட எடுத்தாலும் "ஆமா ஆமா, அந்தக் கரடி கூட ஆடிப் பாடுமே"ன்னு ஆரம்பிச்சிடறாங்க. அந்தக் கரடி வேற, இந்தக் கரடி வேற. இது ஜப்பான்காரங்க வரைஞ்சு, ஹிந்தில டப் பண்ணி, டெல்லில இருந்து நம்ம ஊருக்கு வந்தது. மொத்தம் 52 எபிசோட். நான் சின்ன வயசுல இதப் பைத்தியம் மாதிரி பாத்தேன், ஒரு வார்த்தை புரியாம பாத்தேன், அப்புறம் இருவத்தஞ்சு வருஷத்துக்கும் மேல எங்க தேடியும் ஒழுங்கா கெடைக்கல. போன மாசம் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்ல வேற எதையோ தேடப் போக, கீழ வரிசைல அந்தக் கதையோட பையன், ஓநாய்ங்க வளத்த மோக்லி, ஒரு மரக்கிளைல உக்காந்திருக்கிற படம் வந்துச்சு பாருங்க, சாப்பிட்டுட்டு இருந்த தட்ட அப்படியே கீழ வச்சிட்டேன்.

எங்களுக்கு மானாமதுரை. கொடைக்கானல் டவர்ல இருந்து வர்ற சிக்னல்தான், டிவி எங்க வீட்ல கெடையாது, பெரியப்பா வீட்ல இருந்துச்சு, டயனோரா கருப்பு வெள்ளை, மரப்பெட்டிக்கு ரெண்டு பக்கமும் இழுக்கற கதவு, பெரியம்மா அதுக்கு மேல க்ரோஷா துணி போட்டு ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி வச்சிருப்பாங்க. ஞாயித்துக்கெழமன்னா எண்ணெய் தேச்சுக் குளிக்கணும், அதுக்கு முன்னாடியே தலைல எண்ணெய் வழிய வழிய போயி உக்காந்துருவோம், சுவத்துல சாஞ்சா பெரியம்மா திட்டும், எண்ணெய்க் கறை படியுதாம். தெருவுல பாதிப் புள்ளைங்க அங்கதான். யாருக்கும் ஹிந்தி தெரியாது. ஒரே ஒரு ஆளத் தவிர.

அந்த ஆளு செல்வி அக்கா, பெரியப்பா மக. என்னை விட அஞ்சு வயசு பெரியவ. அக்கா அப்ப தட்சிண பாரத் ஹிந்தி பிரச்சார சபா பரீட்சைல பிராத்மிக் பாஸ் பண்ணியிருந்துச்சு. காந்தி 1918ல ஆரம்பிச்சு வச்ச சபா, அந்தக் காலத்துல எங்க மாதிரி ஊர்ல வீட்டுக்கு ஒரு புள்ள சாயங்காலம் யாராவது ஒரு டீச்சர் வீட்டுத் திண்ணைல உக்காந்து பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷான்னு வரிசையா எழுதிட்டு இருக்கும். பிராத்மிக்னா அதுதான் மொதப் படி. இது பேனா, அது மேஜை, ராமன் பள்ளிக்கூடம் போறான், அந்த ரேஞ்சு. அதுக்கு மேல அக்கா போகல. ஆனா எங்களுக்கு அதெல்லாம் யாரு சொன்னா? சர்ட்டிபிகேட்ட பெரியப்பா பிரேம் போட்டு டிவிக்கு மேலயே மாட்டியிருந்தாரு. அக்கா சொன்னா அது வேதம்.

அக்காவோட ட்ரான்ஸ்லேஷன்ல கதை இதுதான். காட்டுல பாதி, ஷேர்கான்னு ஒரு புலி, அவனோட அப்பா பேர்ல இருந்துச்சு, மீதி ஓநாய்க் கூட்டத்துக்கு. மோக்லி ஓநாய் வீட்டுல வளர்ற புள்ள, அதனால அவனுக்கும் பங்கு உண்டு. ஷேர்கான் தரமாட்டேங்கறான். "பங்காளிச் சண்டை"ன்னு அக்கா ஒரே வார்த்தைல முடிச்சிடும். அந்த ஓநாய்த் தலைவர் அகேலா, அவருதான் நாட்டாமை, பாறை மேல நின்னு தீர்ப்பு சொல்றாரு. ஷேர்கான் பின்னாடியே வால ஆட்டிக்கிட்டுத் திரியற நரி தபாக்கி, நிலத் தரகர். கரடி பாலு வாத்தியார். மலைப்பாம்பு கா இருக்கு பாருங்க, அது இழுத்து இழுத்துப் பேசும், அவசரமே படாது, அது வட்டிக்கு விடறவரு, அதான் அவ்வளவு நிதானம்னு அக்கா சொல்லுச்சு. எங்க தெருவுல வட்டிக்கு விட்டவரும் அப்படித்தான் பேசுவாரு, அதனால நாங்க யாரும் சந்தேகமே படல. கருஞ்சிறுத்தை பகீரா மோக்லிக்குத் தாய்மாமன். ஓநாய் வீட்டுப் புள்ளைக்கு சிறுத்தை எப்படி தாய்மாமன்னு ஒருத்தன் கேட்டான், "கூடப் பொறந்தாதான் மாமனா, செய்முறை செஞ்சாலும் மாமன்தான்"னு அக்கா அவன் வாய அடைச்சிடுச்சு.

ஒவ்வொரு வாரமும் அந்தச் சண்டை நகரும். ஷேர்கான் வந்து உறுமினா "பட்டாவக் காட்டு"ங்கறான். மோக்லி பதிலுக்குக் கத்தினா "கோர்ட்ல பாத்துக்கலாம்"ங்கறான். ஓநாய்ங்க எல்லாம் நிலா பாத்து ஊளை விட்டா, கூட்டம் போட்டு ஒரு முடிவுக்கு வந்துட்டாங்கன்னு அர்த்தம். அந்த வருஷம் பெரியப்பாவுக்கும் அவரோட சித்தப்பா மகனுக்கும் வாய்க்காக் கரை நிலத்துல ஒரு தகராறு ஓடிட்டு இருந்துச்சு, வீட்ல பகலும் ராத்திரியும் அதே பேச்சு. அக்காவுக்குக் கதை எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப யோசிச்சா தெரியுது. அப்ப நாங்க நம்பினோம். நம்பினோம்னா சும்மா இல்ல, ஷேர்கான் பக்கம் ஞாயம் இருக்கா இல்லையான்னு ஸ்கூல்ல கட்சி கட்டிச் சண்டை போட்டிருக்கோம்.

ஷேர்கான பத்தி தனியா சொல்லணும். அந்தக் குரலு! ஹிந்தில ஷேர்கானுக்குப் பேசினது நடிகர் நானா படேகர்னு எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அப்ப அந்த ஆளு யாருன்னே தெரியாது. ஆனா அந்தக் குரல் வந்தா ரூம்ல ஒரு பய அசைய மாட்டான். சத்தமே போடாம, ஏதோ தனக்குத்தானே பேசிக்கற மாதிரி ஆரம்பிச்சு, திடீர்னு வெட்டிவிடற மாதிரி ஒரு வார்த்தை. மொழி தெரிஞ்சிருந்தா நாங்க வார்த்தையக் கவனிச்சிருப்போம். தெரியாததால குரல மட்டும்தான் கேட்டோம், அதுல எல்லாமே இருந்துச்சு, இவன் இப்ப கெஞ்சறானா, கிண்டல் பண்றானா, கொல்லப் போறானா எல்லாம். நம்ம ஆளுங்க ஹிந்திப் படத்த சப்டைட்டில் இல்லாமப் பாத்து அழுத காலம் ஒன்னு இருந்துச்சே, அதுக்கும் இதுதான் காரணம்னு நெனைக்கறேன்.

அப்புறம் அந்தப் பாட்டு. டைட்டில் ஓடறப்ப வர்ற குழந்தைப் பாட்டு, எழுதினது குல்சார், ம்யூசிக் விஷால் பரத்வாஜ், பாடினது அமோல் சஹ்தேவ்னு ஒரு பையன். விஷால் பரத்வாஜ் அப்ப டைரக்டர் ஆகல, அவரு ம்யூசிக் போட்ட மாச்சிஸ் படம் கூட வரல, அது 96. இந்தியா முழுக்க ஒரு தலைமுறைக்கே மனப்பாடம் ஆன பாட்டு அது. நாங்களும் பாடுவோம், ஆனா நாங்க பாடினது ஹிந்தியும் இல்ல தமிழும் இல்ல, காதுல விழுந்த சத்தத்த வச்சு ஒரு புது பாஷை. மெட்டு மட்டும் கரெக்டா இருக்கும்.

இன்னொன்னு, இந்த மோக்லி கைல பூமராங் வச்சிருப்பான். இந்தக் கதைய மொதல்ல எழுதின கிப்ளிங்கோட புத்தகத்துல அதெல்லாம் கெடையாது, ஜப்பான்காரங்க சேத்தது. எறிஞ்சா போயி அடிச்சிட்டு திரும்பக் கைக்கே வந்துடும். கேக்கணுமா? தென்னை மட்டைய வெட்டி வளைவா சீவி ஆளுக்கொன்னு வச்சிக்கிட்டோம். ஒன்னு கூடத் திரும்பி வரல. ஒன்னு பக்கத்து வீட்டு ஓட்ட ஒடச்சது, ஒன்னு கண்மாய்க்குள்ள போயிடுச்சு. எங்க ஐயா திண்ணைல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டே இதப் பாத்துட்டு இருந்தாரு. "என்னடா வளரியா?"ன்னாரு. எங்களுக்கு வளரின்னா என்னன்னு தெரியாது. கூப்ட்டு உக்கார வச்சு சொன்னாரு, சிவகங்கைச் சீமைல மருது பாண்டியருங்க காலத்துல எறிஞ்ச ஆயுதம், ஓடற மானையும் அடிக்கும், ஓடற ஆளையும் கால்ல அடிச்சு விழத்தட்டும்னு. "இது திரும்பி வரமாட்டேங்குது ஐயா"ன்னு நான் சொன்னேன். "திரும்பி வரணும்னு எவன்டா சொன்னான், போயி பட்டா போதாதா"ன்னாரு. ஜப்பான்ல யாரோ ஒரு ஆளு மோக்லி கைல எதாவது குடுக்கலாம்னு வரைஞ்சது, சிவகங்கை மாவட்டத்துல போயி ஒரு பெரியவர மருது பாண்டியர் கதை பேச வச்சிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ.

இந்தக் கதை வந்த வழியே கொஞ்சம் விசித்திரம்தான். ருட்யார்ட் கிப்ளிங் 1865ல பம்பாய்ல பொறந்தவரு. ஆனா மோக்லி கதைகள எழுதினது இங்க இல்ல, அமெரிக்காவுல வெர்மான்ட்ல, பனி கொட்டற ஊர்ல உக்காந்துக்கிட்டு. மொதப் புத்தகம் 1894, ரெண்டாவது 1895. கதை நடக்கற எடம் மத்தியப் பிரதேசத்து சியோனி மலைக்காடு. அத ஜப்பான்ல நிப்பான் அனிமேஷன்னு ஒரு கம்பெனி எடுத்து, ஃபூமியோ குரோகாவா டைரக்ஷன்ல, 1989ல இருந்து 90 வரைக்கும் டிவி டோக்கியோவுல வாராவாரம் போட்டாங்க. அங்க இருந்து ஹிந்திக்கு வந்து, டெல்லி, கொடைக்கானல், மானாமதுரை. கடைசில செல்வி அக்கா வாயில பூந்து பங்காளிச் சண்டையா வெளிய வந்துச்சு.

அப்புறம் அது நின்னு போச்சு. எப்ப நின்னுச்சுன்னு கூட ஞாபகம் இல்ல, கேபிள் வந்துச்சு, சன் டிவி வந்துச்சு, பெரியப்பா வீட்ல கலர் டிவி வந்துச்சு, தூர்தர்ஷன் பக்கம் யாரும் போகல. காலேஜ்ல ஹாஸ்டல்ல ஒரு நாள் ராத்திரி பேச்சு வந்து, எல்லாருக்கும் அந்த மெட்டு தெரிஞ்சிருக்கு, ராஜபாளையத்துக்காரன், வேலூர்க்காரன், எல்லாரும் ஆளுக்கொரு பொய் பாஷைல பாடறாங்க! அன்னைக்குத்தான் தேட ஆரம்பிச்சேன். சிடி கடைல ஜங்கிள் புக் இருக்கான்னு கேட்டா டிஸ்னியோட 1967 படத்தத்தான் எடுத்து நீட்டுவாங்க. நெட்ல தேடினா அதே. கார்ட்டூன் ஜப்பான்ல எடுத்ததுன்னே தெரியாததால எந்தப் பேர்ல தேடறதுன்னும் தெரியல. ரொம்ப நாள் அது ஏதோ இந்தியால எடுத்ததுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன், அந்தப் பாட்டு அப்படி நம்ப வச்சிருச்சு.

2016ல டிஸ்னியே புதுசா ஒரு படம் எடுத்தப்ப ஒரு வேடிக்கை நடந்துச்சு. ஹிந்தில விக்கறதுக்கு அந்தப் பழைய தூர்தர்ஷன் பாட்ட குல்சார், விஷால் பரத்வாஜ வச்சே மறுபடி பண்ணாங்க, ஹிந்தி டப்ல ஷேர்கானுக்கு நானா படேகரையே பேச வச்சாங்க. அதாவது டிஸ்னி கையாலயே ஒத்துக்கிச்சு, இந்த ஊர்ல ஜங்கிள் புக்னா அது எங்க படம் இல்ல, அந்த ஞாயித்துக்கெழம கார்ட்டூன்தான்னு. எனக்கு அன்னைக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

2020 லாக்டவுன்ல தூர்தர்ஷன் ராமாயணத்த மறுபடி போட்டுச்சே, அது மார்ச் கடைசி, அதுக்கு அப்புறம் ஏப்ரல்ல ஜங்கிள் புக்கும் மத்தியானம் போட்டாங்க. நான் அப்ப இருந்த வாடகை ரூம்ல டிவியே கெடையாது, லேப்டாப்தான். செல்வி அக்கா போன் பண்ணி "டேய் ஓடுதுடா, ஷேர்கான் வந்துட்டான்டா"ன்னு போன டிவி பக்கத்துல பிடிச்சு எனக்குப் பாட்டக் கேக்க வச்சுது. அக்கா இப்ப நாக்பூர்ல இருக்கு, மாமாவுக்கு ரயில்வேல வேலை, கல்யாணம் ஆன நாள்ல இருந்து அங்கதான். நாக்பூர்ல இருந்து கொஞ்ச தூரத்துலதான் பெஞ்ச் காடு, மோக்லியோட ஊருன்னு அந்தப் பக்கம் போர்டு போட்டு டூரிஸ்ட்டக் கூப்பிடறாங்க. ஓட்டைப் பிராத்மிக்க வச்சு எங்கள ஏமாத்துன ஆளு கடைசில அங்கயே போயி குடியிருக்கு. இதெல்லாம் யாரு எழுதி வைக்கறாங்களோ.

சரி, ஆப்புக்கு வரேன்.

ப்ளே பண்ணினேன். பண்ணின ஒடனே மூலைல ஒரு பட்டன், ஸ்கிப் இன்ட்ரோ. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, இன்ட்ரோக்காகத்தானே இத்தனை வருஷம் தேடினது. ஸ்கிப் பண்ணாம உக்காந்தா, பாட்டு அது இல்ல! இங்கிலீஷ் வெர்ஷன், இங்கிலீஷ் பாட்டு. நியாயந்தான், குல்சார் பாட்டு ஹிந்திக்குன்னு தனியா போட்டது, டோக்கியோவுல அது எப்படி இருக்கும். ஆனா அந்தப் படங்கள் ஓட ஓட, காதுல வேற பாட்டு கேக்கறது இருக்கே, யாரோ நம்ம வீட்டு ஆளுக்கு வேற பேர் வச்சுக் கூப்பிடற மாதிரி இருந்துச்சு.

அடுத்தது கலரு. எனக்கு இந்தக் கார்ட்டூன் முழுக்க கருப்பு வெள்ளைதான். காடு இவ்வளவு பச்சையா இருக்கும்னு நான் எதிர்பாக்கல. பேக்ரவுண்ட் எல்லாம் கையால பெயின்ட் பண்ண காலம் அது, கம்ப்யூட்டர் கெடையாது, சாயங்கால வெளிச்சம் மரத்துக்கு இடுக்குல விழறத ஒருத்தன் உக்காந்து தீட்டியிருக்கான். முன்னாடி ஓடற மிருகங்கள்ல காசு மிச்சம் பிடிச்சிருக்காங்க, அதே ஓநாய் அதே பாறைய அதே மாதிரி தாண்டறது திரும்பத் திரும்ப வருது, டிவி சீரிஸ்ல வாராவாரம் ஒன்னு குடுக்கணும்னா வேற வழி இல்ல. ஆனா பின்னாடி இருக்கற மரத்துக்கு மட்டும் யாரும் கணக்குப் பாக்கல. அத எங்க டயனோரா எங்களுக்குக் காட்டவே இல்ல.

அப்புறம் கிச்சி. மோக்லி கூட குட்டியா ஒன்னு சுத்திட்டே இருக்குமே, வால் பெருசா. நாங்க அத கீரிப்பிள்ளைன்னுதான் சொல்வோம், அக்காவும் அப்படித்தான் சொல்லுச்சு, எங்க தெருப் பயலுவ ஒருத்தனுக்குப் பட்டப்பேரே கீரின்னு ஆகி, இன்னைக்கும் அவன் வாட்ஸப் க்ரூப்ல கீரிதான். கலர்ல பாத்தா அது செம்பழுப்பு. அது ரெட் பாண்டாவாம்! இமயமலைப் பக்கம் குளிர்ல இருக்கற ஜீவன், அதுக்கும் மத்தியப் பிரதேசத்து வெயிலுக்கும் என்ன சம்பந்தம், அது எப்படி சியோனிக்கு வந்துச்சுன்னு அந்த நிப்பான் அனிமேஷன்காரங்களத்தான் கேக்கணும். கிப்ளிங் புத்தகத்துல அது இல்லவே இல்ல. க்ரூப்ல போயி "டேய் நீ கீரி இல்லடா, ரெட் பாண்டாடா"ன்னு போட்டேன். "இவ்வளவு வருஷம் கழிச்சு இமேஜ மாத்தாதடா"ன்னு பதில் வந்துச்சு.

சப்டைட்டில் போட்டுப் பாக்கறப்பத்தான் இவங்க என்ன பேசினாங்கன்னு மொத மொதல்ல தெரியுது. உண்மையச் சொல்லணும்னா, நெறைய எடத்துல அட்வைஸ். காட்டுக்கு ஒரு சட்டம் இருக்கு, அதுக்கு எல்லாரும் கட்டுப்படணும், பாலு பாடம் எடுத்துக்கிட்டே இருக்காரு. நடுவுல சில எபிசோடு ஜவ்வு. மொழி தெரியாம பாத்தப்ப எனக்கு எங்கயுமே போர் அடிச்ச ஞாபகம் இல்ல. ஆனா ஒரு நல்ல விஷயம், இதுல யாரும் காமெடி பீஸ் கெடையாது. டிஸ்னில கா ஒரு கோமாளி வில்லன், இங்க மோக்லிக்கு நல்ல தோஸ்த்து, எல்லாரும் மரியாதையா பயப்படற பெரிய மனுஷன். அது கிப்ளிங் எழுதின மாதிரியே இருக்கு, குரங்குக் கூட்டத்துக்கிட்ட இருந்து மோக்லிய மீட்டுக்கிட்டு வர்றதே புத்தகத்துல கா தானே. சாகறதும் பிரியறதும் எல்லாம் கொழந்தைங்க ப்ரோக்ராம்தானேன்னு மூடி மறைக்காம காட்டறாங்க.

ஒரே கொறை ஷேர்கான். இங்கிலீஷ்ல பேசினவரு நல்லாத்தான் பேசியிருக்காரு, உறுமறாரு, மெரட்டறாரு. ஆனா அது ஒரு புலி பேசற மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான். நானா படேகர் பேசினப்ப அது புலி மாதிரி இருக்காது, எங்க ஊரு வாய்க்காக் கரைல துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கற ஒரு ஆளு மாதிரி இருக்கும்.

இடைல அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிச்சேன். அதுல ஓநாய்க் கூட்டம் பாறை மேல கூடி, இந்த மனுஷக் குட்டிய நம்ம கூட்டத்துல சேக்கலாமா வேணாமான்னு பேசற எடம் ஒன்னு வருது. அகேலா மேல பாறைல படுத்துக்கிட்டு கேக்கறாரு, இந்தப் புள்ளைக்காகப் பேச யாரு இருக்கா. ஷேர்கான் இருட்டுல நின்னுக்கிட்டு, அது என்னுது, என்கிட்ட குடுங்கன்னு உரிமை கேக்கறான். பாலு எழுந்து நான் பேசறேங்கறாரு. ரெண்டாவது ஆளு வேணும். அப்ப பகீரா வந்து, புதுசா அடிச்ச ஒரு காளைய ஈடாக் குடுக்கறேன், புள்ளைய ஏத்துக்கங்கன்னு சொல்றாரு. நான் புத்தகத்த மூடி வச்சிட்டேன். சபை கூடியிருக்கு, தலைவர் உக்காந்திருக்காரு, ஒருத்தன் பாத்தியதை கேக்கறான், வாத்தியார் சாட்சி சொல்றாரு, மாமன் வந்து சீர் வைக்கறான். அக்கா எங்கள ஏமாத்துச்சுன்னு மேல எழுதினேன்ல, அத எப்படி எடுத்துக்கறதுன்னு நீங்களே பாத்துக்கங்க.

ஒடனே போன் பண்ணினேன். அக்காவுக்கு ஆச்சரியமே இல்ல. "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, உரிமைப் பிரச்சனைன்னு." பிராத்மிக்தானேக்கா பாஸ் பண்ணின, அப்ப உனக்கு என்ன புரிஞ்சுதுன்னு கேட்டேன். "ஒன்னும் புரியல. ஆனா ரெண்டு பேரு அந்த மாதிரி மொறச்சுக்கிட்டு நின்னா வேற என்ன பிரச்சனையா இருக்கும்"னு சொல்லுச்சு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஹிந்தி டப் இந்த ஆப்ல இல்ல. ஆனா நெட்ல துண்டு துண்டா கெடைக்குது, அந்தக் காலத்துல டிவில ஓடினத யாரோ டேப்ல புடிச்சு வச்சு, அத பின்னாடி ஏத்தியிருக்காங்க. படம் மேல கீழ நடுங்கும், ஓரத்துல கோடு ஓடும், குரல் அப்பப்ப தண்ணிக்குள்ள முங்கி எழுந்திரிக்கும், நடுவுல ஒரு சோப்பு வெளம்பரம் பாதில வெட்டி நிக்கும். எனக்கு ஆப்ல வந்த தெளிவான படத்த விட இதுதான் உண்மையான ஜங்கிள் புக்கா பட்டுச்சு, ஏன்னு சொன்னா ஷேர்கான் வந்துட்டான். இந்த மாதிரி டப்பிங் எல்லாம் ஒழுங்கா சுத்தம் பண்ணி யாராவது ஒரு எடத்துல வைக்கணுங்க. படத்த ஜப்பான்காரன் பத்திரமா வச்சிருக்கான், குரல நம்ம ஆளுங்க பேசினது, அத நாமதான் வச்சிருக்கணும். யாரோ ஒரு புண்ணியவான் பரண்ல கெடந்த டேப்ப தூக்கிப் போடாம இருந்ததாலதான் நான் இன்னைக்கு கேக்கறேன்.

போன ஞாயித்துக்கெழம வீடியோ கால் போட்டு, அங்க அவங்க டிவில, இங்க நான் லேப்டாப்ல, ஒரே எபிசோட ஒரே நேரத்துல ஓட்டினோம். அக்காவுக்கு இப்ப ஹிந்தி தண்ணி பட்ட பாடு, மார்க்கெட்ல பேரம் பேசறதுல இருந்து கனவு காணறது வரைக்கும் ஹிந்திதான். நான் எனக்கு வரிக்கு வரி சொல்லுன்னேன், இந்தத் தடவை உண்மையா. சொல்லுச்சு, கொஞ்ச நேரம் ஒழுங்காத்தான் சொல்லுச்சு. பகீரா இப்படிச் சொல்றாரு, மோக்லி இப்படிக் கேக்கறான். பாட்டுக்கு அர்த்தம் கூட சொல்லுச்சு, காட்டுக்குள்ள பரவற சேதிய வச்சு குல்சார் எவ்வளவு அழகா எழுதியிருக்காருன்னு. எல்லாம் சரி, ஆனா சப்புன்னு இருந்துச்சு. அக்காவுக்கும் அது தெரிஞ்சிருக்கணும்.

ஷேர்கான் வந்தான். அந்தக் குரல் ஆரம்பிச்சுது. அக்கா ரெண்டு செகண்ட் பேசாம இருந்துட்டு, "என்ன சொல்றான் தெரியுமா, சர்வேயரக் கூட்டிட்டு வா, கல்லு ஊனி அளந்துருவோம்ங்கறான்"னுச்சு.

பின்னாடி அக்கா மகன் எட்டாவது படிக்கறவன், நாக்பூர்லயே பொறந்து வளந்தவன், "அம்மா! அவன் அப்படிச் சொல்லவே இல்ல! மாமா, அம்மா பொய் சொல்றாங்க!"ன்னு கத்தறான். "நீ சும்மா இருடா, உனக்கு ஹிந்தி தெரியாது"ன்னு அக்கா அவன அதட்டுச்சு. அவன் விடாம என்கிட்ட கேமராவுக்கு நேரா வந்து அந்தப் புலி உண்மைல என்ன சொல்லுச்சுன்னு வெளக்க ஆரம்பிச்சான், நான் "அதெல்லாம் இருக்கட்டும்டா, கல்லு ஊனினாங்களா இல்லையான்னு அம்மாட்ட கேளு"ன்னேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு தரைல உக்காந்தான். எபிசோட் முடியற வரைக்கும் வாயத் தொறக்கல. முடிஞ்ச ஒடனே கேட்டான், "அப்ப பட்டா யார் பேர்லம்மா இருக்கு?"